மலைப் பயணமும் எண்ணெய்ப் புட்டியும்

மலையேறப் போகிறவர்களுக்குச் சொல்லவேண்டிய செய்திகள் பல உண்டு. காலணி, கூடாரம், குளிருடை, வழித்துணை ஆகியவற்றைப் பற்றி நம் மன்றத்து நண்பர்கள் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். ஆனால் சமையல் எண்ணெயைப் பற்றி எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. "அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? புட்டியில் ஊற்றி, மூடியைத் திருகி எடுத்துப்போக வேண்டியதுதானே!" என்று நீங்கள் கேட்கலாம். 2022 ஆம் ஆண்டு அக்டோபர் வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவ்வாண்டு தீபாவளிக்குப் பின் நடந்த ஒரு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றியது. என் தவற்றினால் ஒரு தம்பி ஓர் இரவு முழுவதும் குளிரில் நடுங்கினான். ஆறு பேர் போகவேண்டிய இடம் போகாமல் திரும்பினோம். அத்தவறு மற்றவர்களுக்கும் நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எண்ணெய் எதற்கு?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். கசியும் பொருளை ஏன் கட்டியழவேண்டும், எண்ணெயே இல்லாமல் சமைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மலையில் நாம் சுமக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. ஒரு கிராம் மாவுப்பொருளோ புரதமோ நமக்கு ஏறத்தாழ 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருகிறது. 100 கிராம் அரிசியைச் சுமந்தால் ஏறத்தாழ 350 கலோரிதான். அதே எடை எண்ணெயைச் சுமந்தால் 900 கலோரி. நாள் முழுதும் ஏறி இறங்கும் உடலுக்கு, எடை குறைவாகவும் வலிமை மிகுதியாகவும் உள்ள உணவு இதனினும் வேறில்லை. மேலும், ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடைகூட இராது. 910 முதல் 920 கிராம் வரைதான் இருக்கும்.

எங்கள் கணக்கு எளியது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மில்லி. ஆறு பேர், ஐந்து நாள். ஆகவே முக்கால் லிட்டர் எண்ணெய் வேண்டும். அதைச் சுமக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நடந்தது என்ன?

அந்த ஆண்டு தீபாவளிக்காக ஊரிலிருந்து அம்மா செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் அனுப்பியிருந்தார்கள். விடுதியில் எங்கள் தளத்தில் இருந்த தமிழ் மாணவர் அனைவரும் தலையில் தேய்த்துக்கொண்டது போக, முக்கால் லிட்டருக்குச் சிறிது மேல் மிச்சம் இருந்தது. மறுநாள் ஹர் கி தூன் பள்ளத்தாக்கிற்குப் புறப்படுவதாக ஏற்பாடு. உத்தராகண்டில், உத்தரகாசி மாவட்டத்தில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள அழகிய பள்ளத்தாக்கு அது. சுவர்க்காரோகிணிச் சிகரங்கள் அங்கிருந்து தெரியும் என்று படித்திருந்தோம்.

கடையில் வாங்கிய குடிநீர்ப் புட்டி ஒன்று, ஒரு லிட்டர் அளவுள்ளது, என் மேசையின்மேல் காலியாகக் கிடந்தது. நான் கவனமில்லாதவன் அல்லேன். அதில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஓர் இரவு முழுதும் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். காலையில் ஒரு சொட்டு நீரும் வெளிவரவில்லை. புட்டியை வெயிலில் உலர்த்தி, எண்ணெயை ஊற்றினேன். விளிம்புவரை நிரப்பினால் வழியும், கால் பங்கு இடம் விட்டால் பத்திரம் என்று எண்ணினேன். இவ்வளவும் செய்தபின் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை இரண்டு நாள் நிலைத்தது.

தில்லியிலிருந்து இரவு ரயிலில் டேராடூன் சேர்ந்தோம். அங்கிருந்து பேருந்து. அது முசௌரிக்கு ஏறும். பின் யமுனைப் பாலத்திற்கு இறங்கும். மறுபடியும் புரோலாவைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறி, மோரியில் டோன்ஸ் ஆற்றங்கரைக்கு இறங்கும். நைட்வாரில் வனத்துறையின் அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு மாலையில் சாங்ரி போய்ச் சேர்ந்தோம். அன்றிரவு புட்டியை எடுத்துப் பார்த்தபோது மூடியைச் சுற்றிச் சிறிது பிசுபிசுப்பு இருந்தது. "ஊற்றும்போது வழிந்த எண்ணெயாக இருக்கும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, துடைத்து, மூடியை மேலும் ஒரு திருகு திருகி, பைக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் அந்த மாறுதலைச் செய்தோம். எங்கள் ஆறு பேரில் இளையவன் முதலாண்டு மாணவன். தஞ்சைச் சமவெளியில் வளர்ந்தவன். மலை என்பதையே அப்போதுதான் காண்கிறான். அவனுடைய சுமையைக் குறைக்கவேண்டி, அவனது உறக்கப் பையை வாங்கி என் முதுகுப்பையில் வைத்துக்கொண்டேன். இறகு அடைத்த நல்ல உறக்கப் பை அது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. அதை அடியில் அழுத்திவிட்டு, எண்ணெய்ப் புட்டியை அதன்மேல் படுக்கவைத்துப் பையின் வாரை இழுத்துக் கட்டினேன்.

தாலுக்காவரை ஜீப்பில் சென்று, அங்கிருந்து நடந்து, மாலையில் சீமாவை அடைந்தோம். கூடாரம் அடித்தபின் பையைத் திறந்தேன். நல்லெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. புட்டியில் இருந்தது பாதிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் தம்பியின் உறக்கப் பையில் இருந்தது.

இறகு ஏன் வெதுவெதுப்பைத் தருகிறது? இறகின் மெல்லிய இழைகள் விரிந்து நின்று, தமக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைக்கின்றன. அசையாத அக்காற்றே நம் உடற்சூட்டைக் காக்கிறது. எண்ணெய் பட்ட இறகோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சோர்ந்து கட்டியாகிவிடும். காற்றுக்கு இடமில்லை, சூட்டுக்கும் இடமில்லை. தண்ணீர் பட்டிருந்தால் நெருப்பருகே காட்டி ஓரளவு உலர்த்தலாம். எண்ணெய் உலராது.

அன்றிரவு ஐந்து உறக்கப் பைகளில் ஆறு பேர் மாறிமாறிப் படுப்பதென்று முடிவு செய்தோம். தம்பி சரி என்றான். நடு இரவில் விழித்துப் பார்த்தபோது அவன் யாரையும் எழுப்பாமல், இருந்த சட்டைகளையெல்லாம் போட்டுக்கொண்டு, அந்த எண்ணெய்ப் பையையே போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். பற்கள் கிட்டிப்போயிருந்தன. என் பையில் அவனைப் படுக்கவைத்துவிட்டு விடியும்வரை நான் உட்கார்ந்திருந்தேன். காலையில் வெளியே கிடந்த தட்டுகளின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மேலே ஹர் கி தூனில் இரவுக் குளிர் இதனினும் கடுமையாக இருக்கும். ஐந்து பைகளோடு ஆறு பேர் அங்கே போவது முறையன்று என்று எல்லோருக்கும் தெரிந்தது. எவரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒருவன் ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அருகிலிருந்த தேநீர்க் கடையில் ஓர் அம்மையார் தம்பியை அடுப்போரம் உட்காரவைத்துச் சூடான தேநீர் கொடுத்தார். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். தம் கடுகெண்ணெய்த் தகரத்தைக் காட்டினார். அதன் மூடிக்கடியில் மடித்த துணி ஒன்று இருந்தது. தகரம் சுவரோரம் ஒரு பலகை இடுக்கில் அசையாமல் நின்றது. "எண்ணெயைப் படுக்க வைக்கலாமா? அது நின்றுகொண்டுதான் வரவேண்டும்" என்று இந்தியில் சொன்னார். அச்சொல்லின் முழுப் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. விடுதிக்குத் திரும்பிய பிறகே விளங்கியது.

தண்ணீருக்கு நின்ற மூடி எண்ணெய்க்கு ஏன் நிற்கவில்லை?

நான் வரலாறு படிக்கிறவன். ஆகவே என் கேள்வியை எடுத்துக்கொண்டு, இயற்பியல் படிக்கும் நண்பர் ஒருவரிடம் சென்றேன். "தண்ணீர் நீர்த்தது, எண்ணெய் கெட்டியானது. நீர்த்ததே வெளிவராதபோது கெட்டியானது எப்படி வெளிவரும்?" என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. என் மேசைமேல் இருந்த பாலித்தீன் மூடி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு துளி நீரும் ஒரு துளி எண்ணெயும் விட்டார். நீர்த் துளி முத்துப்போல் உருண்டு நின்றது. எண்ணெய்த் துளி மெல்லப் பரவிப் படிந்தது.

விளக்கம் இதுதான். ஒவ்வொரு திரவத்திற்கும் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மை ஒன்று உண்டு. அதைப் பரப்பு இழுவிசை என்பர். நீருக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்க்கு ஏறத்தாழ 32, அதாவது பாதிக்கும் குறைவு. நீர் பாலித்தீனோடு ஒட்ட விரும்பாமல் தன்னைத்தானே சுருட்டிக்கொள்கிறது. ஆகவே மூடிக்கும் புட்டியின் வாய்க்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி இருந்தாலும், நீர் அதனுள் நுழையத் தயங்கி நின்றுவிடும். எண்ணெய்க்கு அந்தத் தயக்கம் இல்லை. இடுக்கைக் கண்டால் விளக்குத் திரியில் ஏறுவதுபோல அதனுள் ஏறிவிடும். எண்ணெய் நீரைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் கெட்டியானது என்பது உண்மை. அதனால் அது மெல்லத்தான் போகும். ஆனால் மலைப் பயணத்தில் அதற்கு முழு நாள் அவகாசம் இருக்கிறதே!

இதை நாங்கள் சோதித்தும் பார்த்தோம். ஒரே வகைக் குடிநீர்ப் புட்டிகள் இரண்டை எடுத்து, ஒன்றில் நீரும் மற்றொன்றில் எண்ணெயும் ஊற்றி, ஒரே அளவு இறுக்கி, செய்தித்தாளின்மேல் தலைகீழாக நிறுத்தினோம். மறுநாள் காலையில் நீர்ப் புட்டியின் அடியில் தாள் உலர்ந்திருந்தது. எண்ணெய்ப் புட்டியின் அடியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி, விழுந்திருந்தது. ஆகவே, நண்பர்களே, முதற்பாடம் இது: எதைச் சுமக்கப் போகிறோமோ அதையே ஊற்றிச் சோதிக்கவேண்டும். எண்ணெய்க்குத் தண்ணீர் சாட்சி சொல்ல முடியாது.

மற்றொன்றும் உண்டு. எண்ணெய் ஒருமுறை மூடியின் மரைகளுக்குள் புகுந்துவிட்டால் அதுவே வழுக்குப் பொருளாகிவிடுகிறது. பேருந்தின் குலுக்கலிலும் நடையின் ஆட்டத்திலும் மூடி தானே சிறிது சிறிதாகத் தளர்கிறது. சாங்ரியில் நான் கண்ட பிசுபிசுப்பு, வந்தவரைப் போனது என்று விடவேண்டியது அன்று. வரப்போவதைச் சொல்லிய எச்சரிக்கை.

புட்டி மூச்சு விடுகிறது

இரண்டாவது காரணம் காற்று. நம் மேல் உள்ள காற்றின் அழுத்தம் உயரம் செல்லச் செல்லக் குறைகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தில்லியில் அது ஏறத்தாழ 990 ஹெக்டோபாஸ்கல். 2,000 மீட்டர் உயரமுள்ள முசௌரியில் ஏறத்தாழ 795. ஹர் கி தூனின் உயரத்தில் 660 அளவே. வெளியழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும். 1662 ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுவே.

என் புட்டியில் நான் பத்திரத்திற்காக விட்ட கால் லிட்டர் இடத்தை நினைத்துப் பாருங்கள். அது வெற்றிடம் அன்று. 250 மில்லி காற்று. தில்லியில் 250 மில்லியாக இருந்தது முசௌரியில் தடையின்றி விரிந்தால் 310 மில்லி ஆகும். மலையின் குளிர் இதைச் சற்றுக் குறைக்கும். மெல்லிய புட்டி சிறிது உப்பி இடங்கொடுக்கும். ஆயினும், மீதி அழுத்தம் முழுவதும் மூடியின் இடுக்கைத்தான் தேடும். புட்டி சிறிதும் உப்பாது நின்றால் உள்ளிருந்து தள்ளும் விசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் எடையளவு இருக்கும்.

இங்கேதான் தேநீர்க் கடை அம்மையாரின் சொல் விளங்குகிறது. புட்டி நின்றுகொண்டிருந்தால் மூடியை ஒட்டி இருப்பது காற்று. இடுக்கு வழியே வெளியேறுவதும் காற்றே. எண்ணெய்க்குச் சேதமில்லை. புட்டி படுத்துவிட்டால்? முக்கால் பங்கு எண்ணெய் உள்ள புட்டி படுத்திருக்கும்போது அதன் வாய் எண்ணெய்க்குள் மூழ்கிவிடுகிறது. அப்போது விரியும் காற்று தான் வெளியேறாமல் எண்ணெயைத்தான் வெளியே தள்ளும். பின் வண்டி யமுனைக் கரைக்கு இறங்கும்போது வெளியழுத்தம் கூடும். புட்டி வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுபடியும் மேடு, மறுபடியும் எண்ணெய் வெளியே. இவ்வாறு அந்தப் புட்டி வழிநெடுக மூச்சு வாங்கி மூச்சு விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நான் அதன்மேல் வாரை இழுத்துக் கட்டி, மூச்சை இன்னும் அழுத்தினேன்.

அப்படியானால் விளிம்புவரை நிரப்பிவிடலாமா? அதுவும் ஆகாது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் எண்ணெய் தன் பருமனில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு, அதாவது 0.07 விழுக்காடு விரிகிறது. முக்கால் லிட்டர் எண்ணெய் 15 பாகை சூடேறினால் ஏறத்தாழ 8 மில்லி கூடிவிடும். கெட்டியான புட்டியில் அதற்கு இடமில்லையென்றால் அதுவும் மூடி வழியேதான் வரும். ஆகவே இடமும் வேண்டும், காற்றும் கூடாது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? பிழிந்து மூடுவதே வழி. பிழியத்தக்க புட்டியில் ஏறக்குறைய நிறைய எண்ணெய் ஊற்றி, பக்கங்களை மெல்ல அமுக்கி, எண்ணெய் கழுத்தளவு ஏறிவந்து காற்று வெளியேறியதும் அப்படியே மூடிவிட வேண்டும். புட்டி சற்று ஒடுங்கிய நிலையில் இருக்கும். உயரம் செல்லும்போது எஞ்சிய காற்றோ எண்ணெயோ விரிந்தால், ஒடுங்கிய பக்கம் நிமிர்ந்து இடங்கொடுக்கும். மூடியின்மேல் பாரம் விழாது.

எந்த எண்ணெய், எந்தப் புட்டி?

எண்ணெய்களில் சில குளிரில் உறையும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும். நெய்யும் அவ்வாறே. கட்டியானபின் அவை கசிவதில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் தில்லி வெயிலிலும் பேருந்திலும் அவை உருகியே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. அவற்றை வாயகன்ற பாத்திரத்தில் எடுத்துப் போகவேண்டும். குறுகிய வாய்ப் புட்டியில் உறைந்துவிட்டால் மலைமேல் எடுத்துத் தின்ன வழியிராது. நம் மன்றத்தில் பாலக்காட்டு நண்பர் ஒருவர் காலையில் தோசை வார்ப்பதற்காக இரவெல்லாம் எண்ணெய்ப் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்ததாகச் சொல்வார். கடலை எண்ணெய் சுழிப் பாகையை நெருங்கும்போது கலங்கித் தடிக்கும். நல்லெண்ணெயும் கடுகெண்ணெயும் அந்தக் குளிரிலும் ஓடும். ஓடுவது கசியும் என்பதை நினைவிற் கொள்க.

இனிப் புட்டி. கடையில் விற்கும் எண்ணெய்ப் பை, திறக்காதவரையில் நன்றாகவே இருக்கும். ஆனால் கத்தியோ கரண்டியோ உரசினால் போயிற்று. ஒருமுறை வெட்டிவிட்டால் அதை எந்தக் கவ்வியும் சரியாக மூடாது. கண்ணாடிப் புட்டி கனம், உடையும். குடிநீர்ப் புட்டி மிக மெல்லியது. மடிந்து மடிந்து ஓரிடத்தில் ஊசிக்கண் விழும். நம்மைப்போன்ற மாணவர்க்கு ஏற்றது சோடா பானம் வந்த சிறு புட்டி. வாயுவின் அழுத்தம் வெளியேறாது தாங்குவதற்கென்றே அதன் சுவரும் மூடியும் செய்யப்பட்டிருக்கின்றன; மலையின் அழுத்தமாறுதல் அதற்கு ஒரு பொருட்டன்று. சிறிது பணம் செலவிடக் கூடுமானால், உணவுப் பொருளுக்கென்று விற்கும் கெட்டிப் பாலித்தீன் புட்டி, குறுகிய வாயும் திருகு மூடியும் உடையதாக, புதிதாக வாங்கலாம். பிழிந்து மூடுவதற்கு இதுவே சிறந்தது. விரலால் நெம்பித் திறக்கும் மூடியை ஒருபோதும் நம்பவேண்டாம். மூடிக்குள் வாஷர் இருந்தால் அது இயற்கை ரப்பரா என்று பார்க்கவேண்டும்; இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி வீங்கிச் சிதையும். சிலிக்கோன் வாஷர் நன்று.

முக்கால் லிட்டரையும் ஒரே புட்டியில் வைக்காமல் மூன்று சிறு புட்டிகளாகப் பிரித்து மூவரிடம் கொடுப்பது நலம். ஒன்று போனாலும் அடுப்பு நிற்காது.

செய்முறை

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறையை வரிசையாகத் தருகிறேன்.

1. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே எண்ணெயை ஊற்றி, மூடி, செய்தித்தாளின்மேல் தலைகீழாக ஓர் இரவு நிறுத்துக. பின் படுக்கவைத்து, மேலே இரண்டு கனத்த புத்தகங்களை வைத்து இன்னோர் இரவு விடுக. தாளில் பொட்டு விழுந்தால் அந்த மூடியை மாற்றுக.

2. இறுதியாக மூடுமுன் புட்டியின் வாயையும் மரைகளையும் உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்க. எண்ணெயைத் தடுப்பது மரை அன்று. வாயின் விளிம்பும் மூடியின் உட்புறமும் சேரும் இடமே. ஒரு துணுக்கு இட்லிப்பொடி அங்கே ஒட்டியிருந்தாலும் வழி திறந்துவிடும்.

3. பக்கங்களைப் பிழிந்து காற்றை வெளியேற்றி மூடுக.

4. மூடியும் கழுத்தும் சேருமிடத்தில் ஒட்டுநாடாவை, மூடி இறுகும் திசையிலேயே, இரண்டு சுற்றுச் சுற்றுக. இது கசிவை அடைப்பதற்கன்று. மூடி தளராமல் பிடிப்பதற்கு. எண்ணெய் பட்ட இடத்தில் நாடா ஒட்டாது; ஆகவே துடைத்தபின் சுற்றுக.

5. புட்டியைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டுக. ஊரில் நம் பாட்டிமார் ஊறுகாய் ஜாடியின் வாய்க்கு வேடு கட்டுவதும், கடைக்கார அம்மையார் மூடிக்கடியில் துணி வைப்பதும் இந்த அறிவுதான்.

6. அந்த உறையைச் சமையல் பாத்திரத்திற்குள் நிற்கவைத்து, ஆடாதபடி சுற்றிலும் பருப்புப் பொட்டலங்களைச் செருகுக. கசிந்தாலும் பாத்திரத்தில்தான் இருக்கும்.

7. உறக்கப் பை இருக்கும் முதுகுப்பையில் எண்ணெயை வைக்கவே வேண்டாம். இந்த ஒரு விதியை நான் கடைப்பிடித்திருந்தால் மற்ற எல்லாத் தவறுகளும் மன்னிக்கத் தக்கனவாய் இருந்திருக்கும்.

8. ஒவ்வொரு தங்கலிலும் புட்டியை எடுத்துப் பார்க்க. நிமிர்த்தி வைத்து ஒருமுறை திறந்து, மறுபடியும் துடைத்து, பிழிந்து மூடுக. பிசுபிசுப்பைக் கண்டால் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய் சிந்திவிட்டால் ஓடையில் சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. கீழே உள்ளவர்கள் அந்நீரைத்தான் குடிக்கிறார்கள். சிறிது கோதுமை மாவைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டுத் துடைத்து, அந்த மாவைப் பொட்டலமாகக் கட்டி ஊருக்கே கொண்டுவந்து விடவேண்டும். கரடிகள் உலவும் காடு அது. எண்ணெய் மணக்கும் பொருளைக் கூடாரத்திற்குள் வைத்துப் படுப்பதும் கூடாது.

மறு பயணம்

2023 ஆம் ஆண்டு தசரா விடுமுறையில் அதே ஆறு பேரும் மீண்டும் புறப்பட்டோம். பொறுப்புகளைப் பிரிக்கும்போது எண்ணெய் யாரிடம் என்ற கேள்வி வந்தது. நான் வாய் திறக்கவில்லை. "நான் எடுத்துக்கொள்கிறேன் அண்ணா" என்றான் தம்பி. பிறகு சற்றுத் தயங்கி, "ஆனால் என் உறக்கப் பையை இந்தத் தடவையும் நீங்கள்தான் சுமக்கவேண்டும்" என்றான். சென்ற ஆண்டு எவரும் சொல்லாத ஏச்சும், எவரும் சொல்லாத மன்னிப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கிடைத்துவிட்டன.

மூன்று புட்டிகளையும் அவனே நிரப்பினான். அவனே செய்தித்தாளின்மேல் கவிழ்த்தான். இரண்டு இரவும் எழுந்து எழுந்து பார்த்தான். சீமாவில் அதே கடையில் தேநீர் குடித்தோம். அம்மையாரிடம் புட்டியைக் காட்டினான். அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்து, கையைச் சேலையில் துடைத்து, துடைக்க ஒன்றுமில்லை என்று கண்டு சிரித்தார்.

மறுநாள் பிற்பகல் ஹர் கி தூனை அடைந்தோம். சுவர்க்காரோகிணியின்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை மூட்டினோம். தம்பி பாத்திரத்திலிருந்து உறையை எடுத்தான். உறையிலிருந்து துணியை எடுத்தான். துணிக்குள் ஒரு துண்டுச் செய்தித்தாளையும் அவன் சுற்றி வைத்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அதைப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினான். எழுத்துகள் மட்டுமே இருந்தன. எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட இல்லை.